31 முறை சுட்ட கணக்கு

மாடியில் கறி சுடுகிற பழைய கேஸ் கிரில் அடுப்பை இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான் என் மனைவி அந்தக் கணக்கைப் போட்டார். போனில் 2019வரை படங்களைத் தள்ளிக்கொண்டே போய், மொட்டைமாடியில் நான் கையில் இடுக்கியோடு நிற்கிற நாட்களை மட்டும் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு முறை சுடும்போதும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிற ஆள் நான், அதனால் கணக்கு தப்ப வழியே இல்லை. "ஏங்க, மொத்தம் 31 தடவை. 14,500 ரூபாய் போட்டு வாங்கினீங்க. ஒரு தடவைக்கு 468 ரூபாய். கேஸும் கறியும் தனி" என்றார். இரும்புக்காரர் கொடுத்த 400 ரூபாயைக் கழித்தால் 455தான் வரும் என்று நான் திருத்தினேன். திருத்தாமல் இருந்திருக்கலாம்.

அது 2019 தீபாவளித் தள்ளுபடியில் இணையத்தில் வாங்கியது. நான்கு பர்னர், பக்கவாட்டில் குழம்பு சுடவைக்க ஒரு குட்டி அடுப்பு, கீழே கதவு போட்ட அலமாரி, நான்கு சக்கரம், முகம் தெரிகிற மாதிரி பளபளப்பான மூடி. பெட்டியைப் பிரித்து மூன்று மணி நேரம் ஸ்க்ரூ முடுக்கி நிமிர்த்தி வைத்தேன். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மேலே வந்து, விரல் முட்டியால் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் வருது" என்றார். பாத்திரக்கடையில் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்காத தலைமுறை. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நான்கு பர்னர் என்கிற எண்ணிக்கையிலேயே மயங்கிக் கிடந்தேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு மறைப்பு எதுவும் கிடையாது. மே மாதத்து இடிமழை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மழை என்று பெங்களூர் வானம் எல்லாவற்றையும் அதன் தலையில்தான் கொட்டியது. உறை போட்டு மூடி வைத்தேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, அந்த உறைதான் பாதி வில்லன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெயிலில் வெந்து, இரண்டாவது வருடமே அலமாரியின் அடித்தகடு கையால் குத்தினால் ஓட்டை விழுகிற அளவுக்கு வந்துவிட்டது. இப்போது தெரிகிறது, மழை விட்டதும் உறையைக் கழற்றிக் காயவிட வேண்டும். அன்றைக்கு யார் சொன்னார்கள்?

துருவோடுகூட வாழ்ந்துவிடலாம். மூன்றாவது வருடம், ஒரு மாதம் தொடாமல் விட்டிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்தேன். தீ மேலே தட்டுக்கு அடியில் வர வேண்டியது, முன்னால் குமிழ்களுக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று வந்தது. வலது கையில் முடி முழுக்கப் பொசுங்கிவிட்டது. சிலிண்டரை அணைத்து, ஆறவிட்டுப் பிரித்துப் பார்த்தால் பர்னர் குழாயின் வாயில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. கேஸ் பர்னர் வேலை செய்கிற விதம் எளிமையானது: சின்னத் துளை வழியாகக் கேஸ் பீச்சும், குழாயின் வாயருகே இருக்கிற திறப்பில் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும், இரண்டும் கலந்து மேலே துளைகளில் எரியும். குழாய் அடைத்துக்கொண்டால் கேஸ் வந்த வழியே திரும்பி வாயருகிலேயே எரியும். சிலந்திக்கும் இந்தக் குழாய் ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் நல்ல கிரில்களில் காற்று போகிற திறப்பில் மெல்லிய கம்பி வலை ஒன்று போட்டிருப்பார்கள். அந்த வலைக்கு எவ்வளவு செலவாகும்? சில ரூபாய். என் 14,500 ரூபாய்ப் பெட்டியில் சக்கரத்துக்குப் பிரேக் இருந்தது, வலை இல்லை.

குளவிக் கூட்டைத் தட்டும்போது குழாயும் கையோடு வந்துவிட்டது, அவ்வளவு அரித்திருந்தது. புதுக் குழாய் கேட்டு விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அந்த மாடல் நின்றுவிட்டது, பாகம் கிடையாது, வேண்டுமானால் புது மாடலில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அது துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டுகிற தூணாகத்தான் மாடியில் நின்றது.

மறுபடி ஏன் வாங்கப் போனேன் என்றால் அதற்குக் காரணம் கத்திரிக்காய். அம்மா எங்களோடு நிரந்தரமாக வந்து தங்கிய பிறகு கொத்சு செய்ய வேண்டும் என்று சமையலறை அடுப்பில் கத்திரிக்காயைச் சுட, சாறு வழிந்து பர்னர் துளைகளில் இறங்கி, கண்ணாடி மேடையெல்லாம் கரி. "அத்தை, இந்த அடுப்புல மட்டும் வேண்டாம்" என்று மனைவி மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் அன்றைக்கு வீட்டில் காற்று கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. குமுட்டி அடுப்பு ஒன்று இருந்தால் போதுமே என்றார் அம்மா. நியாயம்தான். ஆனால் கரி அடுப்பை மூட்டி அது கனல அரைமணி நேரம், புகை போய் எதிர்வீட்டுக்காரர் துணியில் ஏற, அவர் கன்னடத்தில் நாசூக்காகக் கேட்கப்போவதை நான் நாசூக்காகச் சமாளிக்க வேண்டும். கேஸ் கிரில் என்றால் பத்து, பதினைந்து நிமிடத்தில் சூடாகிவிடும், சாம்பல் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரம்ஜான் மாதத்தில் பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் கரியில் சுட்ட கபாப் தின்றுவிட்டு, அதே மணம் வேண்டும் என்று கேஸ் கிரில் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். எரிகிற கேஸ் கறிக்கு ஒரு மணமும் தராது. கேஸ் கிரில்லில் வருகிற வாசம், கறியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் மசாலாச் சாறும் பர்னருக்கு மேலே இருக்கிற சூடான தகட்டில் விழுந்து ஆவியாகி மறுபடி கறியில் ஏறுவது மட்டும்தான். அதனால் ஆட்டுக்கறிக்கும் தோலோடு கோழிக்கும் நன்றாக வரும். பனீருக்கு வராது, தோசைக்கல்லில் வாட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். விற்பனைப் பையன் நன்றாகப் பேசினான். தமிழா என்று கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினான், மூடியைத் திறந்து திறந்து மூடினான். "36,000 பி.டி.யு. சார், இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது." பி.டி.யு. என்றால் என்ன என்று கேட்டேன். "பவர் சார்."

பவர்தான். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கிற ஒரு அலகு. ஆனால் அது காட்டுவது எவ்வளவு கேஸ் எரிகிறது என்பதை. கறியில் ஏறுகிற சூட்டின் அளவு என்று நினைத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 3,412 பி.டி.யு. ஒரு மணி நேரத்துக்கு என்றால் ஒரு கிலோவாட். ஆக 36,000 என்பது பத்தரைக் கிலோவாட். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 12.7 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்துவிட்டால் அந்தப் பெட்டி மணிக்கு 800 கிராமுக்கு மேல் கேஸ் குடிக்கும். மூடி மெல்லிசாக, பின்பக்கம் இரண்டு விரல் நுழைகிற இடைவெளியோடு இருந்தால் அதில் பெரும்பகுதி பெங்களூர்க் காற்றைச் சூடாக்கத்தான் போகும். சமைக்கிற பரப்பில் ஒரு சதுர அங்குலத்துக்கு 80லிருந்து 100 பி.டி.யு. வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தப் பெட்டி 90 வந்தது, சரியாகத்தான் இருந்தது. கடைசியில் நான் வாங்கியது 43தான், ஆனாலும் அது இதைவிடச் சூடாகிறது. கனமான உடம்பும் ஒட்டி மூடுகிற மூடியும் இருந்தால் பாதிக் கேஸில் அதே வேலை நடக்கும். பிரஷர் குக்கர் வைத்திருக்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மூடிதான் விஷயம் என்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. சிகாகோ பக்கம் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் கடலில் போடுகிற மிதவை செய்துகொண்டிருந்தார் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர். 1952இல் அந்த உலோகக் கோளத்தை அரையாக வெட்டி, கால் வைத்து, மேல்பாதியை மூடியாக்கி முதல் கெட்டில் கிரில்லைச் செய்தார். அது கரி கிரில்தான். காற்றிலும் மழையிலும் சூடு நிற்க ஒரு மூடி வேண்டும் என்பதுதான் அவருடைய யோசனை முழுக்க. எழுபது வருடத்துக்குப் பிறகு நம் கடைகளில் மூடியை மட்டும் தகரமாக்கிவிட்டு மற்றதையெல்லாம் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ஸ்டீல். எவர்சில்வரில் 304 என்பது நிக்கல் அதிகமுள்ள, எளிதில் துருப்பிடிக்காத ரகம். "304 கிரேடு சார், காந்தம் ஒட்டாது பாருங்க" என்று பையன் நிஜமாகவே ஒரு காந்தத்தை எடுத்து மூடியில் வைத்துக் காட்டினான். ஒட்டவில்லை. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் அல்சூரில் நாங்கள் வழக்கமாகப் போகிற பாத்திரக்கடைக்காரரிடம் பேச்சு வாக்கில் சொன்னேன், ஆம்பூர்க்காரர், நாற்பது வருடமாக எவர்சில்வரோடு வாழ்கிறவர். சிரித்துவிட்டார். "304ல ஒட்டாது, சரி. 202லயும் ஒட்டாதே சார்! நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைப் போட்டுருப்பான். காந்தம் வெச்சா ரெண்டும் ஒண்ணுதான், மழையில வெச்சாத்தான் தெரியும்." 430 கிரேடில் காந்தம் ஒட்டும். அதில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, விலை குறைவு, வெளியே வைத்தால் பழுப்புக் கோடுகள் விழும். ஆனால் அது மோசமான உலோகம் இல்லை. பெங்களூரில் கடல் காற்று கிடையாது, நிழலில் துடைத்து வைத்தால் வருடக்கணக்கில் வரும். பெசன்ட் நகரில் மாடி வைத்திருக்கிறவர் யோசிக்க வேண்டும். ஆக, காந்தம் பலமாக ஒட்டினால் 304 இல்லை என்று மட்டும்தான் தெரியும். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் தேவையில்லாமல் ஒரு இட்லிப் பானை வாங்கிவிட்டு வந்தேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற சித்தப்பா மகன் வேறு குறுக்கே வந்தான். வீடு மாறுகிறான், அவனுடைய கிரில்லைக் கப்பலில் வருகிற சாமான்களோடு அனுப்பிவிடுகிறேன் என்றான், இலவசம். ஜெர்மனியில் கிரில்களை 50 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்கிறார்கள், நம் வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பது 30 மில்லிபார். மாட்டினால் எரியும், ஆனால் சோம்பலாக எரியும். கேஸ் பீச்சுகிற துளை உள்ள பாகமான ஜெட்டை மாற்ற வேண்டும், அது இங்கே கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 27 மில்லிபார்தான், நமக்குப் பக்கம், ஆனால் சிலிண்டரில் மாட்டுகிற மரையே வேறு மாதிரி. ஆசையை அடக்கிக்கொண்டு வேண்டாம் என்று சொன்னேன். அவன் கொஞ்சம் கோபித்துக்கொண்டான்.

இதற்கு நடுவில் சிலிண்டரே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் குழாய் கேஸ் வந்ததும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்தக் குழாயையே மாடிக்கு இழுக்கலாமா என்றால், குழாயில் வருவது மீத்தேன், அழுத்தமும் குறைவு, 21 மில்லிபார். அதற்கு ஜெட்டின் துளை பெரிதாக இருக்க வேண்டும், எல்பிஜிக்குச் செய்த கிரில் அதில் மினுக்மினுக்கென்றுதான் எரியும். துளையை நானே பெரிதாக்கலாம் என்று ஒரு நண்பர் டிரில்லோடு தயாராக இருந்தார். அப்படிப்பட்ட நண்பர்களை மாடிப் படியிலேயே நிறுத்திவிட வேண்டும். கடைசியில் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர்தான் வழி என்று ஆனது. 2013இலிருந்து பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது.

சின்னச் சிலிண்டர் என்றதும் பெரிய கிரில்கள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுகொண்டன. 36,000 பி.டி.யு. பெட்டிக்கு 5 கிலோ ஆறு மணி நேரம்தான் வரும், அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிற கேஸ் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொண்டு ஆவியாகும். வேகமாக இழுத்தால் சின்னச் சிலிண்டர் சில்லிட்டுப்போய், வெளியே வியர்த்து, அழுத்தம் இறங்கி, டிசம்பர் ராத்திரியில் கறி பாதி வெந்திருக்கும்போது தீ படுத்துவிடும். இதை எந்த ஷோரூமிலும் சொல்லவில்லை.

ஒயிட்ஃபீல்டில் ஒரு நண்பர் நல்ல பெயருள்ள மூன்று பர்னர் கிரில்லை 20,000 ரூபாய்க்கு விற்கப்போகிறேன் என்றார். புதிதாக வாங்கினால் இதன் ஜாதிக்கு இரண்டு மடங்குக்கு மேல். சிலிண்டர் கவலையை ஓரமாக வைத்துவிட்டு ஓடினேன், ஆசை யாரை விட்டது. பையில் இரண்டு பாக்கெட் அப்பளம் எடுத்துப் போனேன். வெள்ளைக்காரர்கள் ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பி எங்கே கருகுகிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்பளம் அதைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும். மூடியை மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, இரண்டு வரிசையாகப் பரப்பினேன். வலது பக்கம் பொரிந்து கருகியது, நடுவில் அழகாகப் பொரிந்தது, இடது ஓரத்து அப்பளம் போட்டது போட்டபடி படுத்திருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் இடது பர்னரில் பாதித் துளைகள் துருவால் அடைத்திருக்கின்றன. மூடியில் இருந்த வெப்பமானி மட்டும் 250 டிகிரி என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது மூடிக்கு அடியில் இருக்கிற காற்றின் சூடு, தட்டின் சூடு கிடையாது. அந்தக் கம்பெனியில் பாகம் கிடைக்கிறது, அதுவரை நல்லது. மூன்று பர்னரும் தட்டுகளும் சேர்த்து விலை கேட்டால் 14,000. இருபதும் பதினாலும் முப்பத்திநாலு. கருகாத அப்பளங்களை நானும் நண்பரும் தின்றுவிட்டு, கிளம்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கடைகளில் என் கேள்வி மாறிவிட்டது. விலை என்ன என்று கேட்பதற்கு முன் பர்னர் தனியாக என்ன விலை என்று கேட்டேன். பல கடைகளில் அந்தக் கேள்விக்கே ஆளை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு கடையில் மட்டும் பெண் ஒருவர் கணினியில் தேடி, பர்னர், தட்டு, எண்ணெய் வடிகிற தட்டு எல்லாவற்றுக்கும் விலை சொல்லி, பர்னருக்குத் துரு அரித்து ஓட்டை விழுந்தால் 5 வருட உத்தரவாதம், வெறுமனே நிறம் மாறினால் கிடையாது என்று அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினார். காற்றுத் திறப்பில் வலை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இருந்தது. அங்கேயே வாங்கினேன்.

இரண்டு பர்னர். வார்ப்பு அலுமினிய உடம்பு, அது துருப்பிடிக்காது. 12,000 பி.டி.யு., முழுதாகத் திறந்தாலும் மணிக்கு 300 கிராமுக்குள்தான் கேஸ் பிடிக்கும். தட்டு, இனாமல் பூசிய வார்ப்பிரும்பு. இனாமல் ஒரு இடத்தில் பெயர்ந்தால் அங்கே துரு ஏறும், அதனால் கரண்டியால் சுரண்டக் கூடாது. வெறும் வார்ப்பிரும்பாக இருந்தால் தோசைக்கல் மாதிரி எண்ணெய் தடவிப் பழக்கிவிடலாம் என்று அம்மா சொன்னார், எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் அந்த மாடலில் வரவில்லை. பக்கவாட்டு அடுப்பு கிடையாது, அலமாரி கிடையாது. பொத்தானை அமுக்கினால் டிக் என்று பொறி வருகிறது, நின்றுபோனால் லைட்டர் இருக்கிறது. விலை 34,500. உறையை இலவசமாகக் கேட்டு வாங்கினேன். கம்பிப் பின்னல் போட்ட ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா டியூப் தனியாக வாங்கினேன், எங்கள் தெருப் பெருச்சாளிகளுக்குச் சாதா ரப்பர் டியூப் என்றால் முறுக்கு மாதிரி. 5 வருடத்தில் அதை மாற்ற வேண்டும், தேதி அதிலேயே அச்சடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இறக்கியதும் அம்மா தட்டிப் பார்த்தார். டொக் என்றது. ஒன்றும் சொல்லாமல் கீழே போய்விட்டார், அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துப் பற்றவைத்தேன். மூடியபடி பற்றவைத்தால் உள்ளே கேஸ் தேங்கி மொத்தமாகப் பிடிக்கும், ஒரு கைமுடி போனது போதும்.

மனைவி அதற்குள் கணக்கை முடித்து வைத்திருந்தார். 34,500ஐ 468ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 74. "74 தடவையாவது சுட்டாத்தான் இது அதைவிட மலிவு" என்று சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் 74 என்று எழுதி வட்டம் போட்டுவிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு.

ஏழு மாதத்தில் 26 கோடு. கறி, மீன் எல்லாம் சேர்த்துப் பதினொன்றுதான் இருக்கும். மக்காச்சோளம் உண்டு, சர்க்கரைவள்ளி உண்டு, மீதி அம்மாவின் கத்திரிக்காய். இப்போது அவரே மேலே போய்ப் பற்றவைக்கிறார், என்னைக் கூப்பிடுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு போய்ச் சுட்டுக்கொண்டு வந்தார். நான் 27ஆவது கோட்டைப் போடப் போனேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், ஒற்றைக் கத்திரிக்காயெல்லாம் ஒரு தடவை ஆகாதாம். கேஸ் எரிந்ததா இல்லையா என்று கேட்டேன். அம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து புளியைக் கரைத்துக்கொண்டே, "அரைக் கோடு போடுங்களேன்" என்றார்.